நாயும் மிக்ஸியும் நாற்பது நாளும்!

காலை ஏழே கால் மணி. தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் எல்லாம் ஜாருக்குள் போயாயிற்று. என் மனைவி மிக்ஸியின் திருகைத் திருப்புவாள். 'கிர்ர்ர்ர்...'

அவ்வளவுதான்! கூடத்தில் படுத்திருந்த பழுப்பு நிற உருவம் ஒன்று எழும். என் காபி டம்ளரைத் தட்டிவிடும். வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ஈ.சி.ஆர். என்று நாம் செல்லமாக அழைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் ஒரே மூச்சில் தாண்டி, எதிர்ப்பக்கம் உப்பளத்து வரப்பில் போய்த்தான் நிற்கும். நின்று, திரும்பி, வீட்டைப் பார்த்து ஒரு முறை குரைக்கும். 'உள்ளே ஒருத்தன் கத்துகிறான், நீங்களும் ஓடி வாருங்கள்' என்று அர்த்தம்.

எங்கள் வீட்டு நாய்தான். பெயர் கல்லு. (சின்ன 'ல்' ஐயா, பெரிய 'ள்' அல்ல!)

மரக்காணம் பக்கம் ஈ.சி.ஆரில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். சாலை நேராக இருக்கும், காற்று நன்றாக இருக்கும், ஆக்ஸிலேட்டரில் இருக்கிற கால் எடுக்கவே வராது. போன வருஷம் 2025 ஜூன் மாதம் ஒரு நாள், சட்னி நேரத்தில், ஒரு பஸ் போட்ட பிரேக் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். டயருக்கும் கல்லுவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். அத்தனையிலும் நியாயம் இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய் செத்தால் ஒரு கவலை. நாய்க்காக ஒரு பஸ் கவிழ்ந்தால்?

கல்லு வந்த கதை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் உப்பளமே ஏரி. பனை ஓலை போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து பாதியாகக் கிடந்தன. அதில் ஓர் அம்பாரத்து ஓலைக்கு அடியில், ஒரு தேங்காய் அளவுக்கு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். கல்லுப்பு மேலே கிடைத்ததால் கல்லு. பெயர்தான் கல்லு, நெஞ்சு வெறும் பஞ்சு என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மனைவி, மாமியார். மாமியார் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. ஆனால் 2004 டிசம்பர் 26-ம் தேதிக்குப் பிறகு அவர் கடல் பக்கம் போனதில்லை. மீன்கூட பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் வாங்குவார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. 'சுனாமி முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்ன பயம், வாங்க' என்று கையைப் பிடித்து இழுக்கிற உறவுக்காரர்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருவராவது வருவார்கள். அவர் கையை உதறிவிட்டு உள்ளே போய்விடுவார்.

மிக்ஸியும் அவருடையதுதான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசு தொடங்கியதே, விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம், அதில் வந்தது. இத்தனை வருஷமாக உழைக்கிறது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. மிக்ஸி என்று பிறந்தால் கத்தத்தான் வேண்டும்.

அப்படி என்ன கத்தல்?

மிக்ஸிக்குள் இருக்கிற மோட்டார் சின்னது, வேகம் பெரியது. நிமிஷத்துக்கு 18,000 சுற்று வரை போகும். மேஜை மின்விசிறியெல்லாம் இதன் முன்னால் மாட்டு வண்டி. பக்கத்தில் நின்றால் சத்தம் 85 டெசிபலை அநாயாசமாகத் தாண்டும்.

நமக்கே இப்படி என்றால் நாய்க்கு? மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயதாக ஆக அதுவும் குறையும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். அதாவது மிக்ஸி போடுகிற சத்தத்தில் நமக்குக் கேட்காத கீச்சுக்குரல் பகுதியும் அதற்குக் கேட்கிறது. போதாததற்கு அடுக்களை மேடை அதிர்கிறது, அது தரை வழியாகப் பாதத்துக்கு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. இடிக்காவது முன்னால் ஒரு மின்னல் உண்டு; மிக்ஸிக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

ஆக, கல்லு கோழை அல்ல. கேட்கக்கூடாததைக் கேட்கிறது, ஓடுகிறது. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் ஆலோசனைகள்தான்.

ஊரார் வைத்தியம்

நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பது இரண்டு. ஒன்று மிக்ஸி, இன்னொன்று யோசனை.

ஒருத்தர் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டச் சொன்னார். கட்டினோம். கயிறோடு ஓடியது. இன்னொருத்தர், 'ரெண்டு சாத்து சாத்துங்க, அடங்கிடும்' என்றார். அதை என் மனைவி காதிலேயே வாங்கவில்லை. (நல்லவேளை!) மூன்றாவது ஆள் சொன்னதுதான் வினை. 'சங்கிலில கட்டி, மிக்ஸி பக்கத்துலயே புடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க சார். ஒண்ணும் ஆகலேன்னு அதுக்கே தெரிஞ்சிடும்.'

கேட்க எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது! எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லுவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, 'போடும்மா' என்றேன். மனைவி தயங்கினாள். 'நான் இருக்கேன்ல, போடு!'

போட்டாள். மூன்றாவது விநாடி கல்லுவின் பல் என் முன்கையில் இருந்தது.

நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அன்றைக்குப் பாடமாயிற்று. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபிப் பொடி எதுவும் கூடாது. கடித்தது வீட்டு நாயாக இருந்தாலும், அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், நாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். எனக்கு நாலு தவணை: கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நர்ஸம்மா, 'எப்படிக் கடிச்சுது?' என்று கேட்டார். 'சட்னி அரைக்கும்போது' என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

இதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டில் காத்திருந்தது. முன்பெல்லாம் மிக்ஸி ஓடினால்தான் ஓடும். இப்போது ஜாரைக் கையில் எடுத்தாலே ஓடியது. இரண்டு நாள் கழித்துத் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கும் ஓடியது. என் கையிலிருந்து பிஸ்கட் வாங்க யோசித்தது. அதுதான் வலித்தது. ஊசி அல்ல.

மிக்ஸியைத் துணி போட்டு மூடிப் பரண் மேல் ஏற்றினோம். கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த அம்மிக்கல் எழுந்து வந்தது. 'நாய் உங்களாலதான் இன்னும் பயந்துச்சு. அதனால...' என்று மனைவி குழவியை என் பக்கம் நகர்த்தினாள். நண்பர்களே, ஒரு வாரம் தேங்காய்ச் சட்னியை அம்மியில் அரைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் மேல் வருகிற மரியாதை, எந்த மேடைப் பேச்சைக் கேட்டும் வராது.

இருபத்தஞ்சு டிகிரி

கல்லு உப்பளத்துக்கு ஓடுவதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஓடிய தாகத்துக்குப் பாத்தித் தண்ணீரை நக்கிவிட்டு வந்து வாந்தி எடுக்கும். கடல் தண்ணீரே நாய்க்கு ஆகாது. பாத்தித் தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு உப்பு. கொஞ்சம் அதிகமாகக் குடித்தால் வலிப்பு வந்து உயிரே போகும். ஒரு நாள் அதைத் தேடிப் போனபோது, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைத் துண்டால் கட்டி வைத்திருந்தார். மாமியாருக்கு அண்ணன் முறை. நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாத்திகளிலேயே நின்றவர்.

"இன்னா மாப்ள, கையில கட்டு?"

கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தண்ணிய உள்ள வுட்ட ஒடனே உப்பு ஆயிடுமா மாப்ள? மொதல்ல பெரிய பாத்தியில நிக்கும். வெயில் குடிச்சப்புறம் அடுத்த பாத்தி. அப்புறம் அதுக்கு அடுத்தது. டிகிரி பாத்துப் பாத்துத்தான் தள்ளணும். இருவத்தஞ்சு வந்தாத்தான் உப்பு எறங்கும். பத்து டிகிரியில இருக்கிற தண்ணியக் கடைசிப் பாத்தியில கொட்டிட்டு, 'உப்பாவு, உப்பாவு'ன்னா ஆவாது. நீங்க அதைத்தான் செஞ்சீங்க."

அவர் சொன்ன டிகிரி சூட்டைக் குறிப்பதல்ல. தண்ணீரின் கனத்தை அளக்கிற டிகிரி. அந்துவான் பியூமே என்ற பிரெஞ்சு மருந்துக் கடைக்காரர் 1768-ல் செய்த அளவு. கண்ணாடி மிதவை ஒன்றைத் தண்ணீரில் விட்டால், அது எவ்வளவு மேலே மிதக்கிறதோ அவ்வளவு உப்பு. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. 25-ஐத் தொட்டால் உப்பு படியத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் இந்தக் கணக்கில்தான் விளைகிறது.

"அவசரப்பட்டா எதுவும் ஆவாது. வெயிலு, காத்து, அது எப்ப சொல்லுதோ அப்பத்தான். நாயும் அப்படித்தான் மாப்ள. எத்தினி அடி தள்ளி நின்னா அதுக்குப் பயமில்லேன்னு பாருங்க. அங்கேருந்து ஆரம்பிங்க" என்றார்.

முயலும் மிட்டாயும்

மறுநாள் கல்லுவைக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். முதலில் காதைப் பார்த்தார். காதில் சீழோ வலியோ இருந்தாலும் சத்தத்துக்கு இப்படி நடுங்குமாம். அது இல்லை என்று ஆனதும், பெரியவர் சொன்னதையே இங்கிலீஷ் பெயர்களோடு சொன்னார். ஆச்சரியமாக இருந்தது. பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1920-ல் அமெரிக்காவில் வாட்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். ஒரு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டுவது, குழந்தை தொடப் போகும்போது தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடிப்பது. கொஞ்ச நாளில் அந்தக் குழந்தை எலியைக் கண்டாலே அழுதது. அப்புறம் முயலைக் கண்டு அழுதது. ரோமக் கோட்டைக் கண்டும் அழுதது. பயம் இப்படித்தான், பக்கத்து வீட்டுக்கும் பரவும். மிக்ஸிச் சத்தத்திலிருந்து ஜாருக்கும், ஜாரிலிருந்து தேங்காய்க்கும் கல்லுவின் பயம் நடந்து போனதன் ரகசியம் இதுதான். (இன்றைக்கு யாராவது இந்தச் சோதனையைச் செய்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.)

பயத்தை உண்டாக்கலாம் சரி, எடுக்க முடியுமா? 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி எடுத்துக் காட்டினார். பீட்டர் என்று ஒரு பொடியன், மூன்று வயது இருக்கும், முயலைக் கண்டால் நடுங்குவான். ஜோன்ஸ் அவனைத் திட்டவில்லை, முயலை மடியில் போடவில்லை. அவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் கலங்காத தூரத்தில். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்.

1958-ல் ஜோசப் வோல்ப்பே என்ற மருத்துவர் இதைப் படிப்படியான ஒரு வைத்திய முறையாகவே புத்தகத்தில் எழுதினார். அவர் முதலில் குணப்படுத்தியது மனிதர்களை அல்ல, பூனைகளை. உயரம், ஊசி, விமானம் என்று பயப்படுகிறவர்களுக்கு டாக்டர்கள் இன்றும் இந்த வழியைத்தான் கையாளுகிறார்கள்.

"நீங்க கட்டிப்புடிச்சது பயத்தைப் போக்கலை சார். ஓடவும் வழியில்லேன்னு அதுக்குக் கத்துக் குடுத்தீங்க. ஓட வழியில்லாத நாய் கடிக்கும்" என்றார் டாக்டர்.

"பயப்படறப்ப தடவிக் குடுத்தா பயம் ஜாஸ்தியாகுமா டாக்டர்? சொல்றாங்களே?"

"அதெல்லாம் சும்மா. பக்கத்துல வந்து ஒண்டினா தாராளமா தடவிக் குடுங்க. போகணும்னா விட்டுடுங்க."

ரொம்ப மோசமான பயத்துக்கு மருந்தும் உண்டாம், ஆனால் அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும். நம் தூக்க மாத்திரையை உடைத்துப் போடுகிற வேலையெல்லாம் கூடாது.

லஞ்சமாக என்ன கொடுப்பது என்பதில் ஒரு சின்னச் சர்ச்சை. நெத்திலிக் கருவாடு என்றால் கல்லு உயிரை விடும். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். உப்பைக் குடித்து வாந்தி எடுக்கிற நாய்க்குக் கருவாடா! உப்பில்லாமல் வேக வைத்த கோழி, பொட்டுக்கடலை அளவுத் துண்டுகள். அதுதான் உத்தரவு. (வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். குறித்துக்கொள்ளுங்கள்.)

நாற்பது நாள் பேரேடு

நான் படித்தது பி.காம். எதையும் வரவு செலவு எழுதினால்தான் நம்பிக்கை வரும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, எத்தனை அடி, எத்தனை விநாடி, தின்றதா இல்லையா என்று நாலு பத்தி போட்டேன். முதல் வேலையாக கேட்டுக்கு வலை அடித்து, தாழ்ப்பாளும் மாற்றினேன். வைத்தியம் முடிகிற வரை வீட்டில் மிக்ஸி கிடையாது, அம்மிதான் என்று மனைவி அறிவித்தாள். யார் அரைப்பது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள். மிக்ஸியைப் பரணிலிருந்து இறக்கி, வயரைக்கூடச் சொருகாமல் தாழ்வாரத்தில் வைத்தேன். 18 அடியில் கல்லு உறைந்து நின்றது. கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 20 அடிக்குப் பின்னால் போனேன். முகர்ந்தது, தின்றது. ஆக, கணக்குத் தொடக்கம் 20 அடி. டேப் என் கையில் இருந்தாலும், அளப்பது நான் அல்ல.

இதில் வரிசை முக்கியம். முதலில் மிக்ஸி கண்ணில் பட வேண்டும், பிறகுதான் கோழி. கோழியைக் காட்டி ஏமாற்றி மிக்ஸியிடம் அழைத்துப் போனால், அப்புறம் கோழியைக் கண்டாலும் ஓடும்! ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை. வாலை இடுக்கினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ, 'போதும்' என்று அர்த்தம். உடனே நிறுத்தி, ஓர் அடி பின்னால்.

ஒன்பதாம் நாள் 2 அடி. ஜாரின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நோட்டில் எழுதினேன்: '2 அடி, தின்றது.'

பத்தாம் நாள், வயர் சொருகாமலே திருகைத் திருப்பினேன். வெறும் 'டிக்'. பாய்ந்து கொல்லைக்குப் போய்விட்டது! அந்த 'டிக்'தான் அதற்கு அபாயச் சங்கு என்பது எங்களுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மறுபடி 20 அடியிலிருந்து 'டிக்', கோழி. 'டிக்', கோழி.

பதினாலாம் நாள் செல்போனில் பதிவு செய்த மிக்ஸிச் சத்தம், கொசு ரீங்காரம் அளவுக்கு. இருபதாம் நாள் நிஜ மிக்ஸி, ஆனால் எதிர்வீட்டில். அந்த வீட்டம்மாள் என் கைச்சைகைக்கு ஒரே ஒரு விநாடி ஓட்டி நிறுத்துவார். கல்லு காதைத் தூக்கும், கோழி வரும். 'இதுக்கு நீங்க ஒரு கடிகாரம் வாங்கிக் குடுத்துடலாம்' என்று அவர் அலுத்துக்கொண்டாலும், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இருபத்தேழாம் நாள் எங்கள் அடுக்களை. அடியில் மடித்த சாக்கு, இரண்டு கதவும் சாத்தி, ஒரு விநாடி. இங்கே ஒரு விதி: தூரம், சத்தம், நேரம் மூன்றில் ஒரு சமயம் ஒன்றைத்தான் கடினமாக்க வேண்டும். ஒன்றைக் கடினமாக்கினால் மற்ற இரண்டையும் கொஞ்சம் எளிதாக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள்... நஷ்டக் கணக்கு. வெளியூரிலிருந்து வந்த மச்சான், 'ஏன் மாமா அம்மியில கஷ்டப்படறீங்க' என்று அன்பாகக் கேட்டுவிட்டு, மிளகாய்ப் பொடியை மூன்றாம் நம்பரில் முழு நிமிஷம் ஓட்டிவிட்டான். கல்லு கேட்டில் மோதி விழுந்தது. வலை தாங்கியது. அந்த வலை இல்லாவிட்டால் அன்றைக்கு ஈ.சி.ஆரில்... வேண்டாம், விடுங்கள்.

இத்தனை நாளும் வீண் என்று நோட்டைத் தூக்கிப் போட்டேன். சாயங்காலம் உப்பளத்துப் பெரியவர் வந்தார். "மழை பேஞ்சா பாத்தித் தண்ணி டிகிரி எறங்கிடும் மாப்ள. அதுக்காகப் பாத்தியத் தூத்துடுவோமா? மறுபடி காய வுட வேண்டியதுதான்."

மறுபடி இருபதாம் நாள் பாடம். எதிர்வீடு, ஒரு விநாடி. ஆனால் இந்தத் தடவை ஒரு வாரப் பாடம் மூன்றே நாளில் முடிந்தது. படித்ததை நாய் மறக்கவில்லை. மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான்.

கடைசியில் மனைவி ஒரு யுக்தி சேர்த்தாள். மிக்ஸி போடுவதற்கு முன் 'சட்னி!' என்று ஒரு குரல் கொடுப்பது. சொல்லாமல் வருவதுதானே பயம்? சொல்லிவிட்டு வந்தால்? நாற்பதாம் நாள் காலை, கதவு திறந்தபடி, 'சட்னி!' என்றாள். கல்லு எழுந்தது. ஓடவில்லை. அடுக்களையிலிருந்து 12 அடி தள்ளி, தனக்கென்று போட்டிருந்த சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. 'கிர்ர்ர்ர்...' காது பின்னால் மடிந்தது. உடம்பு கொஞ்சம் விறைத்தது. ஆனால் உட்கார்ந்தே இருந்தது. நின்றதும் என்னைப் பார்த்தது, 'எங்கே என் கோழி?'

கல்லு இப்போது மிக்ஸியைக் காதலிக்கிறதா என்றால், இல்லை. அந்த 12 அடி இன்றும் 12 அடிதான். பதினொன்றாக்க நாங்களும் முயலவில்லை. தாங்கிக்கொள்கிறது, சாலைக்கு ஓடுவதில்லை, வேறென்ன வேண்டும்?

இன்னொரு கணக்கு

நோட்டை மூடி வைத்த இரண்டு மூன்று நாளில், ஒரு சாயங்காலம் மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நாற்பது நாளும் ஒரு வார்த்தை பேசாமல் தாழ்வாரத்து மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

"மாப்ள, இத எத்தினி அடியில ஆரம்பிச்சீங்க?"

"இருபது அடி அத்தே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடல் கண்ணுல பட வேணாம். சத்தம் மட்டும் கேக்கிற எடம் வரைக்கும் போலாமா?" என்றார்.

நான், மனைவி, கல்லு, அத்தை. சவுக்குத் தோப்புக்கு முன்னாலேயே ஓர் இடத்தில் அவர் நின்றார். தோப்புக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, 'இன்னும் நாலடி வாங்க அத்தே, ஒண்ணும் ஆகாது.' முன்கைத் தழும்பு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். கல்லு அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து அலையாவது கேட்டிருப்பார்.

"இன்னிக்கு இது போதும்" என்று அவரே திரும்பினார்.

கோழித் துண்டு கொடுக்க முடியாது, சைவ நாள். திரும்புகிற வழியில் கடையில் சூடாக பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சட்னி?" என்றார். கல்லு சடாரென்று உட்கார்ந்து என் சட்டைப் பையைப் பார்த்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

பஜ்ஜியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"நாளைக்கும் பஜ்ஜி உண்டா மாப்ள?"